மல்லி வாடிடும்... வேப்பம்பூவை அனுப்புங்க!

மதுரையில் சித்திரை பிறந்தாச்சு. டெல்லியிலோ துபாயிலோ இருக்கும் தோழி, "இந்த வருஷமும் அழகரைப் பார்க்க வர முடியலைடி" என்று போனில் புலம்புகிறாரா? ஊரைக் கொஞ்சம் பார்சலில் அனுப்பி வையுங்கள்.

மல்லி வேண்டாம். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூதான்; ஆனால் விடியலில் பறித்த மொட்டு ராத்திரிக்குள் விரிந்துவிடும். வேப்பம்பூதான் சரியான ஆள். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தால் காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். காம்பு, தூசி நீக்கி, ஈரமில்லாமல் காயவைத்தால் மாசக்கணக்கில் கெடாது. நெய்யில் சிவக்க வறுத்து ரசத்தில் போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு பொட்டலம் பாதாம் பிசின். ராத்திரி ஊறவைத்தால் காலையில் பொங்கி நிற்கும். ஜிகர்தண்டாவுக்கு அதுதானே உயிர்! (வெளிநாடு என்றால் அந்த நாட்டுச் சுங்க விதியை முதலில் பார்த்துவிடுங்கள்.)

பெட்டியில் இடமிருந்தால் ஒரு சுங்குடிச் சேலை. வாங்கும்போது தடவிப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியது என்றால் புள்ளிகள் சுருங்கி, மேடுபள்ளமாக இருக்கும். அச்சடித்ததில் அது கிடையாது. 'அவசரப்பட்டு இஸ்திரி போட்டுடாதே' என்று ஒரு சீட்டும் வையுங்கள்.

அதிலேயே அடுத்த சித்ரா பௌர்ணமித் தேதியையும் எழுதிவிடுங்கள். அதையொட்டித்தான் அழகர் வைகையில் இறங்குவார். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும்.