அரசு வழக்கு நடத்துநர்கள் எத்தனை பேர்? எண்ணிக்கையைச் சொல்லாத புதிய சட்டம்

கொல்கத்தா: கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் ஒருவர் திருட்டுப் புகார் அளித்தால், அதை விசாரிப்பது கொல்கத்தா காவல் துறை. 2011ஆம் ஆண்டு வரை அப்பகுதி தெற்கு 24 பர்கனாஸ் மாவட்டக் காவல் துறையின் கீழ் இருந்தது. காவல் துறை மாறியபோதும் நீதிமன்றம் மாறவில்லை. வழக்கு செல்வது அம்மாவட்டத் தலைமையிடமான அலிப்பூருக்கே. அங்கு அரசுத் தரப்பில் வழக்கை நடத்த வேண்டியவர் உதவி அரசு வழக்கு நடத்துநர். அவர் இல்லாவிட்டால், வேலையை விட்டுவிட்டு வந்த சாட்சியும் திரும்பிச் செல்ல நேரிடும்.

இப்பணியிடங்கள் குறித்த சட்டம் 2024 ஜூலை 1 முதல் மாறியுள்ளது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, மாநில அளவிலான குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககத்துடன் மாவட்டந்தோறும் ஓர் இயக்ககம் அமைக்கவும் 20ஆவது பிரிவில் வழிசெய்கிறது. 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்குகளை இயக்குநர் கண்காணிப்பார். 7 முதல் 10 ஆண்டுகளுக்கு உட்பட்டவை துணை இயக்குநரிடமும், அதற்குக் குறைந்தவை உதவி இயக்குநரிடமும் இருக்கும். மூன்றாண்டு வரை சிறைக்குரிய சாதாரணத் திருட்டு, உதவி இயக்குநரின் பார்வைக்கு வரும்.

ஆனால் கண்காணிப்பவர்கள் கூடுவதால் மட்டும் நீதிமன்றத்தில் எழுந்து நின்று சாட்சியை விசாரிப்பவர்கள் கூடிவிட மாட்டார்கள். அவர்களைப் பற்றிய 19ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு 'ஒருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர்' என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை நீதிமன்றங்களுக்கு, எத்தனை வழக்குகளுக்கு ஒருவர் என்ற கணக்கு அதில் இல்லை. பணியிடங்களை உருவாக்கி ஊதியம் வழங்குவது மாநில அரசின் பொறுப்பு.

காலக்கெடுவோ இறுகியுள்ளது. குற்றச்சாட்டு குறித்த முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாள்களுக்குள் குற்றச்சாட்டு வனையப்பட வேண்டும்.

வழக்கு நடத்துநர் எவரும் கிடைக்காதபோது, மாநில அரசுக்கு 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்து மாவட்ட ஆட்சியர் வேறொருவரை நியமிக்கலாம். ஆய்வாளர் நிலைக்குக் குறையாத, அவ்வழக்கின் புலனாய்வில் பங்கேற்காத காவல் அதிகாரியும் அவ்வாறு நியமிக்கப்படலாம். உதவி அரசு வழக்கு நடத்துநர்கள் காவல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது என்று மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்த பின்னரும், இந்த விதிவிலக்கு பழைய சட்டத்திலிருந்து புதியதற்கும் வந்துள்ளது.

தமிழ்நாட்டில் இப்பணிக்கான நிலை-2 பணியிடங்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு மூலம் நிரப்பப்படுகின்றன.