நம் வெயிலுக்கு ஏற்ற நாய்

பாளையங்கோட்டை வெயிலில் சைபீரியன் ஹஸ்கி வளர்ப்பது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை என்றே சொல்ல வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. ஹஸ்கிக்குப் பனியைத் தாங்கவென்றே அமைந்த இரட்டை ரோமம். பக் நாய்க்குச் சப்பை மூக்கு. வெயிலில் மூச்சுவிடுவதே பெரும்பாடு. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் பூமியின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கோ ஒல்லியான உடல், ஒட்டிய குறுமயிர், நீண்ட மூக்கு. இந்தச் சூடு அவற்றுக்குப் பழகியது.

“அவை வேட்டை நாய்கள், வீட்டுக்கு ஆகாது” என்பார்கள். பாதி உண்மைதான். முயல் துரத்திய இனம், கோழியையோ பூனையையோ கண்டால் கால் தரிக்காது. ஆனால் காலையும் மாலையும் நன்றாக ஓடவிட்டால் வீட்டுக்குள் அமைதியாகச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அதற்கு இடமும் நேரமும் இல்லாதவர்கள் தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியைத் தடுப்பூசி போட்டு வளர்க்கலாம். அதுவும் இந்த மண்ணின் நாய்தான். 2005-ல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயை விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் தூய வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமையும் சேர்ந்து வருகிறது. வாங்குமுன் குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.