செவின் பொடி போயிருச்சு, அதைச் செஞ்ச மண்ணு அப்படியேதான் இருக்கு

நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு செவின் பொடி ஞாபகம் இருக்கும். பருத்தியில காய்ப்புழுன்னா கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பொடிகளில் அதுவும் ஒன்று. அதில் இருக்கும் நஞ்சின் பெயர் கார்பரில். அதைத் தயாரித்த ஆலைதான் போபாலில் இருந்த யூனியன் கார்பைடு.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு அங்கிருந்து கசிந்த விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த இரவுக்குப் பல வருசம் முன்பே அந்த ஆலை மண்ணையும் தண்ணியையும் கெடுக்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

ஒரு பூச்சிக்கொல்லியைச் செய்யும்போது மூட்டையில் கட்டி விற்கிற சரக்கு மட்டும் வருவதில்லை. கரைப்பான்கள், தாரு மாதிரியான கசடு, கெட்டுப்போன சரக்கு, கழுவின தண்ணி எல்லாம் சேர்ந்தே வரும். 1969-ல் தொடங்கிய அந்த ஆலை, இந்தக் கழிவில் ஒரு பகுதியை வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டியது. கழிவு நீரை வெயிலில் வற்ற வைக்க, 1977-ல் ஆலைக்கு வடக்கே 30 ஏக்கருக்கும் மேலான பரப்பில் குட்டைகள் அமைத்தார்கள். அடியில் விரித்தது பிளாஸ்டிக் தாள். அந்தக் குட்டை கசிகிறது என்ற தகவல் 1982-லேயே நிறுவனத்துக்குள் போயிருக்கிறது.

1999-ல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே மாதிரி எடுத்துச் சோதித்தது. ஆலை மண்ணில் பாதரசம் இருந்தது. சுற்றியிருந்த குடியிருப்புகளின் கிணற்று நீரில் குளோரோஃபார்மும் கார்பன் டெட்ரா குளோரைடும் இருந்தன. 2009-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்தபோதும் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் நஞ்சு இருந்தது. ஆலை ஓடாமல் 25 வருசம் ஆகியும் இந்த நிலை.

ஏன் போகவில்லை? ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஒரு லிட்டர் கார்பன் டெட்ரா குளோரைடு 1.6 கிலோ. எண்ணெய் மாதிரி மேலே மிதக்காது. தண்ணிக்கும் அடியில் இறங்கிப் பாறை இடுக்கில் தங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். பாதரசத்தைப் பொறுத்தவரை, எந்த நுண்ணுயிரும் அதை இல்லாமல் ஆக்க முடியாது. நம்ம ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் செத்த மண்ணுக்கு உயிர் கொடுக்கும். ஆனா இந்தக் கழிவை அவற்றால் கழுவ முடியாது.

அங்கே கைப்பம்புகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி, குடிக்காதீர்கள் என்று எழுதி வைத்தார்கள். வேறு தண்ணி இல்லாத சனம் அதையே குடித்தது. நல்ல குடிநீர் கொடுக்கச் சொல்லி 2004-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

2025 சனவரியில் ஆலைக் கிடங்கில் கிடந்த 337 டன் கழிவை லாரிகளில் ஏற்றி இந்தூர் பக்கம் உள்ள பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள்; பிறகு அங்கே எரித்தார்கள். அந்த ஊர் மக்கள், "எங்க தலையில ஏன் கொட்டுறீங்க?" என்று தெருவுக்கு வந்தார்கள். எரிக்கும்போது சுண்ணாம்பும் சேர்ப்பதால், மிஞ்சிய சாம்பலும் கசடும் 337 டன்னையும் தாண்டியது. இதெல்லாம் மேலே இருந்த கழிவின் கணக்கு. குழியிலும் குட்டையிலும் நிலத்தடியிலும் இறங்கியது இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இதில் நமக்கு என்ன? நாம மருந்து அடிக்காம இருந்தா நம்ம காடு சுத்தம்னு நினைக்கிறோம். ஆனா தண்ணி வரப்பைப் பார்த்து ஓடுவதில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் ரசாயன ஆலையோ கழிவுக் குட்டையோ இருந்தால் இதைச் செய்யுங்கள்:

• வழக்கமான மண், நீர்ப் பரிசோதனை கார அமிலத்தன்மை, உப்பு, சத்துகள் ஆகியவற்றைத்தான் சொல்லும். கன உலோகங்களுக்கும் கரைப்பான்களுக்கும் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

• கரைப்பான் சோதனைக்குத் தண்ணியைக் கண்ணாடிக் குப்பியில் காற்று இடைவெளி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, குளிர்ச்சியில் வைத்துச் சீக்கிரம் கொடுங்கள். இடைவெளி விட்டால் அது ஆவியாகிப் போய், கிணறு நல்லா இருக்குன்னு தாள் வரும்.

• ஒரு கிணறு போதாது. மேட்டுக் கிணறு, பள்ளக் கிணறு இரண்டையும் சோதித்து, தேதியோடு எழுதி வையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடவும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுக்கவும் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

2018 ஆகஸ்ட்டில் மத்திய அரசு கார்பரிலைத் தடை செய்துவிட்டது. நாம் செவினை மறந்தே போனோம். ஆலையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு அது நிலத்தடியில் விட்டுப்போன நஞ்சை மறக்க வழியில்லை. அடுத்த முறை யாராவது, "ஒரே ஒரு தடவை மருந்து அடிச்சா என்ன ஆகிடும்?" என்று கேட்டால், அவர் காட்டைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். அந்த டப்பா எந்த ஊரிலிருந்து வருகிறது, அந்த ஊர்க் கிணறு எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.