தாம்பரத்துக்குத் தெற்கே – 14: பைபாஸின் மறுமுனை

பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறினால் 32 கிலோமீட்டரில் புழல். போன வாரம் கட்டுரையைத் தாம்பரம் கோர்ட் வாசலில் விட்டிருந்தேன். அங்கே ரிமாண்ட் ஆனவனை ஏற்றிய வேனுக்கும் இதுதான் தோதான சாலை. எங்கள் பக்கம் ‘ஜெயிலுக்குப் போனான்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘புழலுக்குப் போயிட்டான்’ என்பார்கள். அந்த ஊர் ஏரித் தண்ணீரைத்தான் பாதிச் சென்னை குடிக்கிறது என்பது நினைவில் வருவதே இல்லை.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் 1837-இல் கட்டிய பழைய மத்தியச் சிறையில் இருந்தவர்கள் 2006-இல் இங்கே மாற்றப்பட்டார்கள். பழைய கட்டடத்தை 2009-இல் இடித்தார்கள். புழலில் தண்டனை பெற்றவர்களுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்குத் தனியே ஒன்று. முதல் இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் சுவர் இல்லை. அதைத்தான் இந்த வாரம் எழுத வந்தேன்.

சிறை வேலை என்றதும் நமக்கு வ.உ.சி. இழுத்த செக்குதான் நினைவுக்கு வரும். அது இப்போது கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. இன்றைய சிறை வேலை வேறு மாதிரி. தமிழகச் சிறைகளில் செய்த பொருள்கள் ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. புழலில் பேக்கரி உண்டு, வெளியே பெட்ரோல் பங்க் உண்டு. நன்னடத்தை உள்ள தண்டனைக் கைதிகள்தான் அங்கே பெட்ரோல் போடுகிறார்கள்.

ஒருநாள் வேண்டுமென்றே வண்டியை அங்கே விட்டேன். பெட்ரோல் போட வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். “ஜீரோ பாத்துக்குங்க சார்” என்றார். போட்டு முடித்து, டேங்க் மூடியை இரண்டு தடவை திருகிப் பார்த்தார். மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். இத்தனை நிதானமாக எனக்கு யாரும் சில்லறை கொடுத்ததில்லை. பணத்தைத் தொட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று கேட்க வாய் வரவில்லை.

உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொன்னது. படிப்பும் உண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறார்கள், தொலைதூரப் பட்டம் வாங்குகிறார்கள். 2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு போட்டுப் புத்தகம் திரட்டியது. நானும் நாலு கொடுத்தேன், இரண்டு நான் படிக்காதவை.

எல்லாம் நல்லதுதான். ஆனால் வேலை கடுங்காவல் தண்டனை பெற்றவனுக்குத்தான் கட்டாயம். விசாரணைக் கைதி சட்டப்படி இன்னும் குற்றவாளி இல்லை, அவனை வேலை வாங்க முடியாது. நியாயம்தான். 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர். திருத்தும் ஏற்பாடெல்லாம் அந்த நாலாவது ஆளை மனதில் வைத்துத்தான். மற்ற மூவருக்கு நாள் நகர்வது காவல் நீட்டிப்பிலும், வீட்டார் ‘மனு’ பார்க்க வரும் நாளிலும்தான். உள்ளே போகையில் ஒரு கேஸ், வருகையில் நாலு சிநேகிதம்.

எங்கள் தெருவில் அப்படி வந்த ஒரு பையன், அடிதடி கேஸ், நாற்பது நாள். ஜாமீனில் வந்து டெலிவரி வேலைக்குப் போனான். போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டார்கள், திரும்பிவிட்டான். உள்ளே என்ன பண்ணினாய் என்றேன்.

“சும்மா உட்காந்திருந்தேண்ணே. கேரம் ஆடுனேன்.”

பெட்ரோல் பங்க் ஆளைப் பற்றிச் சொன்னேன். கண்ணை விரித்துக் கேட்டான்.

“நல்ல வேலையா இருக்கேண்ணே. நமக்குக் கிடைக்குமா?”

“அதுக்கு நீ தண்டனை வாங்கியிருக்கணும்டா.”