துறைமுக கேம் விளையாடினால் கிரேன் ஓட்டலாமா?

கிரேன் ஆபரேட்டர் பயிற்சிக்கு இந்த மாதக் கடைசியோடு சேர்க்கை முடிகிறது என்று தனியார் மையங்கள் ஊருக்கு ஊர் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கின்றன. அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே குழப்பம். "என் மகன் கம்ப்யூட்டரில் துறைமுக கேம் விளையாடுகிறான். 200 மணி நேரம் ஓட்டிவிட்டானாம். இதைப் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பார்களா?" என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். எண்ணூர் வாசகர் ஒருவரின் கேள்வி நேர் எதிரானது: "மையத்தில் காட்டிய சிமுலேட்டரும் தம்பி வீட்டில் விளையாடுவதும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. பிறகு எதற்கு இவ்வளவு பணம் கட்ட வேண்டும்?"

அந்தத் தாய்க்குப் பதில்: சேர்க்க மாட்டார்கள். எண்ணூர்க்காரரின் சந்தேகமோ நியாயமானது. பணம் கட்டுவதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. திரையில் தெரியும் கடல், கப்பல், மேகம் எதையும் பார்க்க வேண்டாம். கயிற்றில் தொங்கும் கன்டெய்னர் எப்படி ஆடுகிறது என்று மட்டும் பாருங்கள்.

கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் கிரேனில், மேலே நீண்டிருக்கும் கையில் டிராலி ஓடுகிறது. அதிலிருந்து இறங்கும் இரும்புக் கயிறுகளின் நுனியில், கன்டெய்னரின் நான்கு மூலைகளையும் கவ்விப் பிடிக்கும் ஸ்பிரெடர் தொங்குகிறது. டிராலி கிளம்பியதும் கன்டெய்னர் பின்தங்கும். டிராலி நின்றதும் அது முன்னே பாயும். பிறகு ஆடிக்கொண்டே இருக்கும். 30 டன் இரும்புப் பெட்டி அப்படி ஆடும்போது அதை லாரியின் மேல் இறக்க முடியாது. நான்கு மூலைக் குழிகளும் லாரியின் நான்கு பூட்டுகளில் சில சென்டிமீட்டர் பிசகாமல் உட்கார வேண்டும்.

தானாக அடங்கும்வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். கயிற்றின் நீளம் 20 மீட்டர் என்றால் பெட்டி ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 9 விநாடி ஆகும். நன்றாக நடக்கும் முனையத்தில் ஒரு கிரேன் மணிக்கு 25 முதல் 30 பெட்டிகளைக் கையாளும். ஒரு பெட்டிக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு நிமிடம். இரண்டு ஊசலுக்குக் காத்திருந்தாலே அதில் 18 விநாடி போய்விடும். உண்மையில் இரண்டு ஊசலில் அது அடங்காது, காற்று மட்டுமே அதை நிறுத்தப் பார்ப்பதால் நெடுநேரம் ஆடும்.

ஆகவே ஆபரேட்டர் காத்திருப்பதில்லை, ஆட்டத்தைப் பிடிக்கிறார். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு முழ நூலில் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையைப் பக்கவாட்டில் நகர்த்திச் சட்டென நிறுத்துங்கள். பூட்டு முன்னே பாயும். அது எல்லையைத் தொட்டு, திரும்புவதற்கு முன் ஒரு கணம் நிற்குமே, அந்தக் கணத்தில் கையைச் சரியாக அதன் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். பூட்டு அப்படியே நின்றுவிடும். கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ ஆட்டம் நிற்காது, சில சமயம் கூடவும் செய்யும். நல்ல ஆபரேட்டர் சேர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னதாகவே டிராலியை மட்டுப்படுத்தி, பெட்டியை முன்னே போகவிட்டு, பின்னாலேயே டிராலியை அதன் தலைக்கு மேல் நகர்த்துகிறார். அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் இதைச் செய்தாக வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நூலின் நீளம் மாறாமல் இன்னும் கனமான பூட்டைக் கட்டிப் பாருங்கள். ஊசலின் வேகம் மாறாது. காலிப் பெட்டியும் நிறைந்த பெட்டியும் ஒரே தாளத்தில்தான் ஆடும். நூலைச் சுருக்கினால்தான் தாளம் விரைவாகும். 5 மீட்டர் கயிற்றில் 9 விநாடி நாலரை விநாடியாகக் குறைந்துவிடும். பெட்டியை இறக்க இறக்கக் கயிறு நீள்கிறது அல்லவா? ஒரே பெட்டியைக் கொண்டுபோய் இறக்குவதற்குள் தாளம் மாறிவிடும். ஆபரேட்டரின் கை அதோடு சேர்ந்து மாற வேண்டும்.

"உண்மையான இயற்பியல்" என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எந்த கேமையும் இதை வைத்துச் சோதிக்கலாம். ஒரு பெட்டியைத் தூக்கி, டிராலியை ஓட்டிச் சட்டென நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று ஊசலிலேயே அடங்கினால், விளையாடுபவர் சலித்துப் போகாமல் இருக்க ஆட்டத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கனமான பெட்டி காலிப் பெட்டியைவிட மெதுவாக ஆடினால் அதைச் செய்தவர் கிரேனைக் கவனிக்கவில்லை. கயிறு நீண்ட பிறகும் தாளம் மாறாவிட்டால் அங்கே இயற்பியலே இல்லை. கேம் கேளிக்கைக்கானது, அதில் இவற்றைக் குறையாகச் சொல்ல மாட்டேன். 'ஸ்னோரன்னர்' தந்த சேபர் இன்டராக்டிவ் நிறுவனத்தின் 'டாக்டு', புயலில் சிதைந்த குடும்பத் துறைமுகத்தை மீட்க வரும் மகனின் கதை. கதைக்காகவும் இயந்திரங்களின் அழகுக்காகவும் அதை விளையாடலாம்.

பயிற்சி மையத்திலும் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே குறை தெரிந்தால் கட்டாயம் கேள்வி கேட்க வேண்டும். இன்றைய கிரேன்களில் கயிற்றின் நீளத்தையும் டிராலியின் வேகத்தையும் கணக்கிட்டு ஆட்டத்தைத் தானே அடக்கும் ஆன்டி-ஸ்வே கருவி இருக்கிறது. சிமுலேட்டரிலும் அதற்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். "அதை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பயிற்றுநர் தயங்கினால் யோசியுங்கள். அந்தக் கருவியை மட்டும் நம்பிப் பழகியவர், பலத்த காற்றில் பெட்டி சுழலத் தொடங்கும்போதோ சென்சார் பழுதாகும்போதோ கைகட்டி நிற்க நேரும். கீழே லாரியில் ஓட்டுநர் இருப்பார். "60 மணி நேர சிமுலேட்டர் பயிற்சி" என்ற சான்றிதழ் அந்த மணிகளில் ஸ்விட்ச் எப்படி இருந்தது என்று சொல்வதில்லை. அதைப் பதிவு செய்யாத சான்றிதழுக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

முனையங்கள் அறிவிக்கும் "மணிக்கு இத்தனை பெட்டி" என்ற கணக்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கப்பலின் மூடியைத் தூக்கிய நேரம், ஷிப்ட் மாறிய நேரம், லாரி வராமல் கிரேன் சும்மா நின்ற நேரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கு ஒன்று, கழிக்காமல் சொல்வது இன்னொன்று. அறிவிப்பில் எது இருக்கிறது என்று குறிப்பிடாவிட்டால், அழகாகத் தெரியும் எண்ணே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேமும் வேலையும் நிஜமாகவே நெருங்கி வரும் இடம் ஒன்றும் உண்டு. டிராலியோடு சேர்ந்து ஓடும் கண்ணாடித் தரைக் கேபினில், கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி கழுத்து நோக உட்கார்ந்து செய்யும் வேலை கிரேன் ஓட்டுவது. ஆனால் ராட்டர்டாமில் 2015-இல் திறக்கப்பட்ட மாஸ்விளக்டே 2 முனையத்தில் கப்பல் கிரேன்களுக்குக் கேபினே இல்லை. அலுவலக அறையில் திரையைப் பார்த்து ஜாய்ஸ்டிக்கால் இயக்குகிறார்கள். நம் எல்லைக்கு அருகே, 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தில் பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டின் கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பெண்கள் இயக்குகிறார்கள், அந்தக் கடற்கரையின் மீனவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்தச் செய்தி எனக்கு உண்மையான மகிழ்ச்சி தந்தது. கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. கேபினில் இருப்பவருக்குக் காற்று வலுப்பது உடம்பிலேயே தெரியும். அறையில் இருப்பவருக்குக் கேமராவும் சென்சாரும் சொன்னால்தான் தெரியும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட எத்தனை நாள் பயிற்சி தருகிறார்கள் என்பதை ஒவ்வொரு துறைமுகமும் வெளியே சொல்ல வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வயது? 18 நிறைந்திருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 152-ஆம் உடன்படிக்கை அதைத்தான் சொல்கிறது.

கீபோர்டில் பழகினால் போதுமா? போதாது, கிரேன் ஜாய்ஸ்டிக்கில் எவ்வளவு சாய்க்கிறீர்கள் என்பதே வேகம்.

நிர்வாக கேம்கள் பயன் தருமா? கப்பல் கம்பெனி நடத்தும் 'போர்ட்ஸ் ஆஃப் கால்' 1987-லேயே வந்துவிட்டது. எரிபொருளும் கடனும் லாபத்தை எப்படித் தின்னும் என்று அதில் கற்கலாம், யார்டு வேலையைக் கற்க முடியாது.

ஃபோர்க்லிஃப்ட்? 1999-இல் வந்த 'ஷென்மூ'வில் யோகோசுகா துறைமுகத்தில் பெட்டி சுமக்கும் பகுதியை இன்றும் விரும்பி விளையாடுகிறார்கள். அதை வைத்து உரிமம் கிடைக்காது.

கேம் சொல்லித் தராத ஆபத்து எது? லாரியின் நான்கு பூட்டுகளில் ஒன்று திறக்காமல் இருந்தால் கன்டெய்னரோடு லாரியும் ஓட்டுநரும் சேர்ந்து மேலே எழும்புவது.

சேர்ந்த பிறகு விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா? ரசீதிலும் ஒப்பந்தத்திலும் எழுத்தில் இருந்தால்தான். கடைசித் தேதி என்று அவசரப்படுத்தினாலும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.