முதுகுத் தண்டு நீர் கூறும் செய்தி

"வயதாகிவிட்டது, மறதி வரத்தானே செய்யும்!" காலை உணவை முடித்த பாட்டி, அரைமணி கழித்து மீண்டும் உணவு கேட்கும்போது நம் இல்லங்களில் எழும் பேச்சு இது. வயதும் மறதியும் ஒன்றல்ல. அடுப்பில் பால் வைத்ததை மறப்பது யாருக்கும் நேரும். அடுப்பை மூட்டும் விதமே மறந்துபோனால் அது நோய். மருத்துவர்கள் அதனை டிமென்ஷியா என்பர். நாம் மறதி நோய் என்றே வைத்துக்கொள்வோம்.

காய்ச்சல் என்பது ஒரே நோயின் பெயர் அன்று. மலேரியாவிலும் காய்ச்சல் உண்டு, டைபாய்டிலும் உண்டு. மருந்து மட்டும் வேறு. மறதி நோயும் அப்படியே. வெளிக்கு ஒன்றுபோல் தோன்றும் பல நோய்கள் அந்தப் பெயருக்குள் அடங்கியுள்ளன. அவற்றுள் எது என்று அறிவது எங்ஙனம்?

1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல விடுதியில் அகுஸ்தே என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். காலிபிளவர் உண்டுகொண்டிருந்தவரிடம், "என்ன உண்கிறீர்கள்?" என்று டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமர் வினவியபோது, "கீரை" என்றார் அவர். 1906-இல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை அல்ஸைமர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு இடையே படிவுகளும், அணுக்களுக்குள் முறுக்கிய நூல்போன்ற சிக்கல்களும் காணப்பட்டன. அந்நோய்க்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆனால் அவர் கண்டது இறந்தபின் அல்லவா? உயிரோடிருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க இயலுமா?

இங்கேதான் முதுகுத் தண்டு நீர் உதவிக்கு வருகிறது. நம் மூளையும் தண்டுவடமும் தெளிந்த நீர் ஒன்றில் மிதக்கின்றன. வளர்ந்தவர் உடலில் அது ஏறக்குறைய 150 மில்லி லிட்டர் இருக்கும்; ஒரு சிறிய டம்ளர் அளவுதான். ஆயினும் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. மூளையைத் தொட்டு வரும் நீராதலின், மூளையில் நடப்பதன் தடயங்கள் அதில் கலந்திருக்கும்.

இந்நீரை ஊசியால் எடுக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஹ் குவிங்கே 1891-இல் வெளியிட்டார். முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று நம் பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. பெரியவர்களின் தண்டுவடம் இடுப்பு எலும்புகளில் முதலாவது, இரண்டாவதின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செலுத்துவதோ அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கிடையில் அல்லது அதற்கடுத்த இடைவெளியில். சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கும். எடுக்கும் நீரும் 10 முதல் 15 மில்லிதான். ஒரு மணி நேரத்திற்குள் உடல் அதனை ஈடு செய்துவிடும்.

இனி, அந்நீரில் தேடுவது என்ன? அல்ஸைமர் கண்ட படிவு, அமிலாய்டு பீட்டா என்னும் புரதத்தால் ஆனது. 1984-இல் ஜார்ஜ் கிளென்னர் அதனைப் பிரித்தெடுத்தார். மூளையில் அது மிகுந்திருந்தால் நீரிலும் மிகுந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? உண்மை நேர்மாறு! கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் கலங்கல் அடியில் படிந்து மேல்நீர் தெளிகிறது. அதுபோல, 42 அமினோ அமிலங்கள் கொண்ட அமிலாய்டு மூளையில் படியப் படிய, நீரில் அதன் அளவு குறைகிறது. 40 கொண்ட மற்றொரு வகை அவ்வளவு குறைவதில்லை. ஆகவே இரண்டின் விகிதத்தையே பார்க்கிறார்கள். சிக்கல்களில் உள்ள டாவ் என்ற புரதமோ நீரில் ஏறுகிறது. அதிலும் பாஸ்பேட் சேர்ந்த டாவ் ஏறினால் அல்ஸைமர் என்ற ஐயம் வலுப்படும்.

ஒரு சிறு செய்தி, ஆய்வுக்கூடத்தில் பயிலும் மாணவியர்க்கு. அமிலாய்டு கண்ணாடிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. கண்ணாடியில் நீரைப் பிடித்தால் அளவு குறைந்து காட்டும். நோயில்லாதவருக்கும் நோய் என்று முடிவு வந்துவிடலாம். ஆகவே பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் குழாயில்தான் பிடிக்க வேண்டும். குழாயைத் தேர்வதிலும் ஒருவரது வாழ்வு அடங்கியிருக்கிறது!

லூயி உருண்டை நோய் என்பது மற்றொரு வகை. இல்லாத குழந்தைகளும் விலங்குகளும் அறையில் நிற்பதாக நோயாளி காண்பார். ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் குழம்பியும் இருப்பார். பேய் பிடித்தது என்று நம் ஊர்ப்புறங்களில் சொல்வதும் உண்டு. இவருக்கு மனக்குழப்பத்தை அடக்க ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உடல் மரம்போல் விறைக்கக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். பெயர் தெரிவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இது ஒன்றே போதும். இந்நோயில் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் மடிப்பு மாறிக் கெடுகிறது. அதைக் கண்டறியும் சோதனை நம் அடுக்களை அறிந்ததே. பாலில் சொட்டு மோர் விட்டால் முழுப்பாலும் தயிராகிறதல்லவா? நல்ல புரதக் கரைசலில் நோயாளியின் நீரைச் சிறிது சேர்த்துக் குலுக்கி வைப்பார்கள். கெட்ட புரதம் துளியளவு இருந்தாலும் மற்றவற்றையும் கெடுத்துவிடும். கரைசலில் உள்ள சாயம் ஒளிவிடும். சில மாதங்களிலேயே உயிரைக் குடிக்கும் கிராய்ட்ஸ்பெல்ட் யாக்கோப் என்னும் அரிய நோயையும் இதே வழியில் கண்டறிகின்றனர்.

குணமும் பேச்சும் முதலில் மாறும் நெற்றிப்பகுதி மறதி நோய்க்கு இத்தகைய தனி அடையாளம் நீரில் இன்னும் அகப்படவில்லை. இரத்தக்குழாய் அடைப்பால் வருவதை ஸ்கேன் படமே நன்கு காட்டும். முதியோர் பலரிடம் இரண்டு மூன்று வகைகள் கலந்தும் இருக்கும்.

நீரை எடுப்பதே சிகிச்சைக்கு வழிகாட்டும் நிலை ஒன்றும் உண்டு. கொலம்பியா நாட்டு மருத்துவர் சாலமோன் ஹக்கீம் 1965-இல் விவரித்த நோய் அது. மூளையின் அறைகளில் நீர் தேங்கி, கால் தரையில் ஒட்டியதுபோல் நடை தடுமாறும், சிறுநீர் அடங்காது, மறதியும் சேரும். 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு நடக்கச் சொல்வார்கள். நடை சீரானால், தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடியவிடும் குழாயைப் பொருத்தலாம். முதுமை என்று விட்டுவிட்ட எத்தனை பேர் இவ்வாறு எழுந்து நடந்திருக்கலாமோ!

ஆனால் எல்லார்க்கும் முதுகில் ஊசி வேண்டுவதில்லை. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். 2025 மே மாதத்தில் அல்ஸைமர் அடையாளத்தைக் காணும் ஓர் இரத்தச் சோதனைக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதி அளித்தது. ஐயம் தீராதபோது இன்றும் தண்டு நீரையோ சிறப்பு ஸ்கேனையோ நாடுகின்றனர்.

இந்தச் சோதனைகளின் எல்லையை உலகுக்குக் காட்டியவர்கள் கன்னியர் என்பது நமக்குப் பெருமை. 1986-இல் டேவிட் ஸ்நோடன் என்ற அறிஞர் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில், நோத்ரு தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 அருட்சகோதரிகள் பங்கேற்றனர். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அவர்கள், இறந்தபின் தங்கள் மூளையையும் கல்விக்கென்றே அளித்தனர். அவர்களுள் ஒருவர் 101 வயது வரை வாழ்ந்தவர். நினைவுத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவந்தவர். அவர் மூளையைப் பார்த்தபோது படிவும் சிக்கலும் நிறைந்திருந்தன!

ஆகவே குழாயில் உள்ள நீரை மட்டும் வைத்து எந்த நல்ல மருத்துவரும் தீர்ப்புக் கூறுவதில்லை. உடன் வந்தவரிடம் அவர் கேட்பார்: முதலில் தொடங்கியது மறதியா, நடைத் தடுமாற்றமா, இல்லாததைக் காண்பதா? எத்தனை மாதமாக? நாளுக்கு நாள் மாறுகிறதா? பாட்டியின் அருகில் படுத்துறங்கும் பேத்திக்கு இவற்றின் விடை, பெரும்பாலும் மற்றெவரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.