கேட்கும் அறையும் அதன் செம்மையும்

மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலஸ்வாமி அவர்கள், 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. பின்னாளில் நாட்டு வானொலி முழுமைக்கும் அப்பெயரே உரியதாயிற்று. வீட்டு அறையொன்றில் எழுந்த குரல் ஊரெங்கும் கேட்டது இந்நகருக்கு வாய்த்த பெருமை. ஆயின், குரல் எழும் அறையை நிலையத்தார் பேணும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கையேனும், அக்குரலைச் செவிமடுக்கும் அறையிடத்து நாம் காட்டுவதில்லை. ஒலி தெளிவில்லையெனில் உடனே புதிய ஒலிபெருக்கி வாங்கக் கடைக்குப் புறப்பட்டு விடுகிறோம். குறை பெரும்பாலும் சுவரில் இருக்கிறது, பெட்டியில் இல்லை.

தமிழகத்தை விட்டு வந்து இங்கு குடியேறியுள்ள நம் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கேட்டு வளர்கின்றனர். நல்ல தமிழ் உச்சரிப்பு அவர்கள் செவியில் விழுவது பெரும்பாலும் வீட்டில், அதிலும் பேச்சாகவோ பாட்டாகவோ ஒலிபெருக்கியின் வாயிலாகத்தான். 'வால்', 'வாள்', 'வாழ்' என்னும் மூன்று சொற்களைக் கருதுவோம். மூன்றிலும் 'வா' என்னும் நெடில் ஒன்றே. நாவின் நுனி எங்கே நிற்கிறது என்பதொன்றே வேற்றுமை. வெற்றுச் சுவர்கள் சூழ்ந்த அறையில் அந்த நெடிலின் முழக்கம் அடங்குமுன்னரே மெல்லிய ஈற்று மெய் பிறந்து, முழக்கத்துக்குள் மூழ்கி மறைந்து விடுகிறது. கேட்கும் குழந்தைக்கு மூன்றும் ஒன்றாகவே படும். அதன் நாவைக் கடிந்து பயனில்லை.

இம்முழக்கத்தை அளக்கும் முறையை உலகுக்கு அளித்தவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபீன். அங்கு புதிதாகக் கட்டிய விரிவுரைக்கூடம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்று 1895-இல் அவரிடம் முறையிட்டனர். ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொற்களைக் கடந்திருப்பார். சபீன், மற்றொரு அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவு நேரங்களில் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழலின் ஒலி அடங்கும் காலத்தை அளந்தார். மெத்தைகள் பெருகப் பெருக முழக்கம் குறைந்தது. அறையின் கன அளவு மிகுந்தால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு மிகுந்தால் சுருங்கும் என்ற விதி இவ்வாறு பிறந்தது.

அவ்விதியை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறை. சிமெண்டுப் பூச்சு, காங்கிரீட் கூரை, பளபளக்கும் தரை ஓடு. பொருள் ஏதும் இல்லாத நிலையில் இதன் முழக்கம் ஏறக்குறைய இரண்டரை நொடி. பேச்சும் நம் இசையும் தெளிவாய்க் கேட்க அரை நொடி போதும். அந்த வேறுபாட்டைக் கடக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒலிபெருக்கிக்கும் நமக்கும் இடையே தரையில் தடித்த கம்பளம் ஒன்று. ஒரு சுவர் முழுவதும் கனத்த துணித் திரை, அதுவும் இழுத்துக் கட்டாமல், சுவரின் அகலத்தைப் போல் இருமடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாக. துணி உறையிட்ட இருக்கைகள். புத்தக அலமாரி ஒன்று. மூன்று பேர் அமர்ந்து கேட்டால் அவர்கள் உடலும் உடையும்கூட உறிஞ்சியாகின்றன. இத்தனையும் சேர்ந்தால் அரை நொடியை எட்டிவிடலாம். நாட்டு ஓடு வேய்ந்த பழைய மைசூர் வீடுகளில் இக்குறை அவ்வளவாகத் தோன்றாததற்கும், கூரை இடுக்குகளின் வழியே ஒலி வெளியேறுவதே ஒரு காரணம் எனலாம்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவோர் பலர். அவற்றால் பயன் மிகச் சிறிது. தீப்பற்றும் அபாயமோ பெரிது. தெர்மோகோல் பலகையும் அவ்வாறே. காற்று புகுந்து உராயும்படியான நுண்துளைகள் உள்ள பொருளே ஒலியை உண்ணும். தெர்மோகோலின் அறைகள் மூடியவை.

துணியும் கம்பளமும் உயர்ந்த சுருதிகளை அடக்குமேயன்றி, தாழ்ந்தவற்றைத் தொடா. மிருதங்கத்தின் தொப்பி ஒலி அறையின் ஒரு மூலையில் இடியாகவும் நடுவில் இல்லாததாகவும் கேட்பது இதனாலேயே. மிருதங்கத்தின் வலந்தலை இன்னிசைச் சுருதிகளை எழுப்பும் மர்மத்தை 1920-இல் ஆராய்ந்து வெளியிட்ட சர் சி. வி. ராமன், பின்னர் நம் அண்டை நகரான பெங்களூரிலேயே வாழ்ந்து மறைந்தார் என்பதை இங்கு நினைவு கூர்வது தகும். தோலில் அவர் கண்ட நேர்த்தியை நம் அறை கெடுத்துவிடலாகாது. தாழ்ந்த ஒலியை அடக்கத் தடிமன் வேண்டும். பயன்படாத இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி, ஒலிபெருக்கிக்குப் பின்னுள்ள இரு மூலைகளிலும் நிறுத்தி வையுங்கள். அழகில்லை என்று வீட்டார் கூறுவர். மேலே நல்லதொரு மைசூர்ப் பட்டைப் போர்த்திவிட்டால் வழக்கு தீரும்!

இவையனைத்தும் அறைக்குள் எழும் ஒலியைச் சீர்செய்வனவே. தெருவின் இரைச்சல் உள்ளே வராமல் தடுப்பது வேறு வேலை. திரை அதைத் தடுக்காது. கதவின் அடியிலும் சன்னல் சட்டத்திலும் உள்ள இடுக்குகளை ரப்பர்ப் பட்டை கொண்டு அடைத்தலே முதற்பணி. வீணை சேஷண்ணாவின் ஊரில் வாழும் நாம் வீணையைக் கேட்பதற்கேனும் இதைச் செய்தல் வேண்டும். மீட்டிய நாதம் தேய்ந்து மறையும் இறுதியில்தான் கமகத்தின் நுட்பம் இருக்கிறது. மின்விசிறியின் இரைச்சல்கூட அதை விழுங்கிவிடும்.

இனி மின்சாரம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரின் திவானாக விளங்கிய கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் வித்திடப்பட்ட சிவசமுத்திர நீர்மின் திட்டம், 1902-இல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. அத்துணைத் தொன்மையான மின் மரபுள்ள இப்பகுதியிலும் சித்திரை, வைகாசி மாதங்களின் இடிமழையில் விளக்கு அணைவதுண்டு. கச்சேரியின் நடுவே, தனி ஆவர்த்தனத்தின் உச்சியில் அது நேர்வதன் வேதனையை விளக்க வேண்டுவதில்லை.

இன்வெர்ட்டர் வாங்குவோர் விலையை மட்டும் பார்த்தல் கூடாது. மலிவான சதுர அலைக் கருவி மின்விசிறியை ஓட்டும். ஆனால் ஒலிபெருக்கியில் ஓயாத ரீங்காரத்தை எழுப்பக்கூடும். இசைக்குத் தூய சைன் அலை தரும் கருவியே ஏற்றது. அளவையும் கணக்கிடலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட்-மணி அடங்கியிருப்பினும், அதன் ஆயுளைக் கருதிப் பாதியளவே எடுப்பது நன்று. மாற்றத்தில் நேரும் இழப்பையும் கழித்தால் எஞ்சுவது சுமார் 720. ஒலிபெருக்கிக் கருவிகள், ஒரு விசிறி, ஒரு விளக்கு ஆகியவை சேர்ந்து 140 வாட் எனில், ஐந்து மணி நேரம் கவலையின்றிக் கேட்கலாம். ஈய அமிலப் பாட்டரி மின்னேறும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆதலால் அடைத்து மூடிய கேட்கும் அறையில் அதை வைக்கலாகாது. காற்றோட்டமுள்ள இடைகழியே அதற்குரிய இடம். இன்வெர்ட்டரின் முணுமுணுப்பும் அங்கேயே தங்கிவிடும்.

இரவில் மத்திய அலையில் தொலைதூரத் தமிழ் நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் வழக்கமுடைய நேயர்கள் இன்னும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தூய அலை தரும் இன்வெர்ட்டரும், எல்.ஈ.டி. விளக்கும், கைப்பேசியின் மின்னேற்றியும் அவ்வலையில் கரகரப்பை உமிழக்கூடும். பாட்டரியில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டரை நிலையங்களுக்கு இடைப்பட்ட அலையெண்ணில் வைத்து, வீடு முழுதும் மெல்ல நடந்து பாருங்கள். கரகரப்பு எந்தப் பொருளின் அருகில் வலுக்கிறதோ, கேட்கும் நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள். அணைக்க இயலாததெனில் வானொலிப் பெட்டியை அதனின்றும் பத்தடியேனும் தள்ளி வையுங்கள்.